கொனாடுவின் காவல் வரி

கொனாடு யாரையும் நம்பமாட்டாள். குமாசி நகரத்துப் பன்டாமா கடைத்தெருவில் இது தெரியாத ஆள் கிடையாது. வாக்கியே என்கிற பயறுச்சோறு விற்கிற அம்மாள் மற்றவர்களுக்கெல்லாம் இலையை மடித்து நீட்டுவாள். கொனாடுவுக்கு மட்டும் திறந்து காட்டிவிட்டுத்தான் மடிப்பாள். இல்லாவிட்டால் கொனாடு நின்ற இடத்திலேயே பிரித்து, மீன் துண்டு இருக்கிறதா, அது தலையா வாலா என்று கிளறிப் பார்ப்பாள். ட்ரோட்ரோ வேனில் ஏறினால் பையை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொள்வாள். பக்கத்தில் பாதிரியாரே உட்கார்ந்து தூங்கி வழிந்தாலும், உண்மையிலேயே தூங்குகிறாரா என்று ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்ப்பாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரிப்பது சுலபம். ஆனால் அவள் ஏன் அரண்டாள் என்று யாரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அவளுடைய அப்பா லாரி ஓட்டியவர். அம்மாவைச் சர்ச்சில் வைத்துக் கட்டிக்கொண்டவர் அல்ல. அவர் செத்தபோது கொனாடு கல்லூரி விடுதியில் இருந்தாள். ஊருக்கு வந்து இறங்கியதும் கெஜேட்டியா சந்தைச் சுவரில் அப்பாவின் இறுதிச்சடங்கு போஸ்டரைப் பார்த்தாள். பிள்ளைகள் என்று போட்டு வரிசையாகப் பெயர்கள். அவள் பெயர் இல்லை. மேலிருந்து கீழே படித்தாள், கீழிருந்து மேலே படித்தாள். இல்லை. போஸ்டர் போட்டது அப்பாவின் அக்கா, அதாவது அத்தை. நம்மூரில் ஆம்பளை செத்தால் சடங்கை எடுத்து நடத்துவது அவன் கூடப்பிறந்தவர்கள்தானே. ஆக, வெட்டிவிட்டது அத்தைதான் என்று கொனாடு அங்கேயே முடிவு கட்டினாள். அடுத்த பஸ்ஸிலேயே விடுதிக்குத் திரும்பிவிட்டாள்.

"போய் ஒரு வார்த்தை கேளேன்டி" என்று அம்மா போனில் மன்றாடினாள்.

"கேட்டா மட்டும் உண்மையைச் சொல்லவா போறாங்க?" என்றாள் கொனாடு.

அப்பாவின் அடக்கத்துக்கு அவள் போகவில்லை. பிடிவாதம்! பிற்பாடு அவளுக்கு வேலை கிடைத்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்? இறுதிச்சடங்கு அறிவிப்பு செய்கிற கடையில். விதிக்கும் கொஞ்சம் குசும்பு உண்டு.

குமாசியில் சாவு இல்லாத சனிக்கிழமை ஏது? கடைக்கு வேலை குறையவே குறையாது. செத்தவருக்கு ஒரு வலைப்பக்கம் செய்வார்கள். படம், வயது, உறவினர் பெயர்கள், சடங்கு நடக்கும் இடம். அது முதலில் வாட்ஸ்அப்பில் ஹாம்பர்க்குக்கும் டொராண்டோவுக்கும் பறக்கும். அப்புறம் அதையே போஸ்டராக அச்சடிப்பார்கள். இதற்கான கணினி நிரல் எழுத இரண்டு பேர்தான், கொனாடுவும் டுவுமோவும். டுவுமோ அவளைவிட மூத்தவன், பெரிய உடம்புக்காரன், எல்லோரோடும் சிரித்துப் பேசுகிறவன். வருகிறவர்கள் எது கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்வான். எல்லோரோடும் சிரிக்கிறவன் எதையோ மறைக்கிறான் என்பது கொனாடுவின் கட்சி.

அந்தக் கடையின் லைப்ரரியை, அதாவது எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான நிரல் தொகுப்பை, டுவுமோதான் கட்டியிருந்தான். அதில் எழுத்து உடனே வெளியே போகாது. போனால் போனதுதான், ஓடிப்போய்ப் பிடிக்க முடியாது. அதனால் பிடித்து வைப்பார்கள். பாடப்புத்தகத்தில் அதற்குப் பஃபர் என்று பேர்; கடையில் சட்டி. பக்கத்துக்கு ஒரு பெரிய சட்டி. அதற்குள்ளே உறவினர் பகுதிக்கு ஒரு சட்டி. அதற்கும் உள்ளே பிள்ளைகளுக்கு ஒன்று. எழுதுகிற எழுத்தெல்லாம் கடைசியாக எந்தச் சட்டி திறந்ததோ அதில்தான் விழும். உள்ளே இருப்பது நிறைந்ததும் அதை வெளியே இருப்பதில் கவிழ்த்துவிட்டு மூடிவிட வேண்டும். நீ திறந்ததை நீ மூடு, அடுத்தவன் திறந்ததில் கை வைக்காதே. இவ்வளவுதான் சட்டம்.

கொனாடு வந்ததும் அவளுக்குக் கிடைத்தது ஒரு சின்னப் பகுதி. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் ஊர்ப் பெயரும் கொடியும் போடுவது. யாருடைய பிள்ளை ஹாம்பர்க்கில் இருக்கிறான் என்பது நம்மூரில் சின்ன விஷயமா? அந்தப் பகுதியின் தலையில் அவள் ஒரு காவல் வரியைப் போட்டாள். ஏற்கெனவே ஏதாவது சட்டி திறந்து கிடந்தால், அதில் இருப்பதைக் கொட்டிவிட்டு ஆரம்பி. யாராவது எச்சில் மிச்சத்தை விட்டுவிட்டுப் போயிருந்தால் தன்னுடையதோடு கலந்துவிடக்கூடாதே என்ற பயம்.

டுவுமோ அதைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். "என்ன சிஸ்டர், என் சட்டியில எலி செத்துக் கெடக்கும்னு நெனச்சியா?"

"கெடந்தா? முன்னாடியே கழுவி வச்சுக்கிறது நல்லதுதானே அண்ணே."

அந்த வரி ஒரு கெடுதலும் செய்யாமல் வருஷக்கணக்கில் கிடந்தது. ஏனென்றால் அவள் பகுதியை டுவுமோ எப்போதும் முதலிலேயே கூப்பிட்டுவிடுவான், எந்தச் சட்டியும் திறப்பதற்கு முன்னால்.

இப்படி இருக்கும்போது ஒரு வியாழக்கிழமை காலையில் அசாபியா கடைக்குள் புயலாக நுழைந்தாள். ஸ்வாமே பட்டறைப் பக்கம் உதிரிபாகம் விற்கிறவள். கைநகத்தில் கிரீஸ், இடுப்பில் கறுப்புத்துணி. அவளுடைய அப்பா அடாய், கியர்பெட்டி மெக்கானிக், செத்துப்போய்க் குளிர்அறையில் கிடந்தார். சனிக்கிழமை அடக்கம். அவருடைய வலைப்பக்கம் அன்று காலையில்தான் ஏறியிருந்தது.

"இது யார் பண்ண வேலை?" போனைக் கொனாடுவின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

பிள்ளைகள் என்ற தலைப்புக்குக் கீழே ஹாம்பர்க் தம்பி இருந்தான். அவனுக்கு இளையவர்கள் எல்லோரும் இருந்தார்கள். எல்லோருக்கும் மூத்த அசாபியா இல்லை.

கொனாடுவுக்குக் கெஜேட்டியா சுவர் கண்முன் வந்து நின்றது.

"நான் அப்பாவோட முதல் பிள்ளை. அவரு தம்பியோட அம்மாவைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியே பொறந்தவ" என்றாள் அசாபியா.  "பெட்டி நான்தானே கொண்டுபோகணும்? சோகோபான்ல ஒரு தச்சர்கிட்டச் சொல்லி, தேக்குல, பித்தளைக் கைப்பிடி வச்சு, எல்லாம் ஆயிடுச்சு. இப்ப நான் பிள்ளையே இல்லையாம். தங்கச்சி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. என் பேரைக் குடுக்கவே இல்லையா, இல்ல குடுத்துட்டு எடுத்தாங்களா?"

அப்பனுக்குச் சவப்பெட்டி கொண்டுவருவது பிள்ளைகள் கடமை. மூத்தது முன்னால் நடக்கும். போஸ்டரில் பெயர் இல்லாமல் பெட்டியோடு போய் நின்றால், நீ யார் என்று வாசலிலேயே கேட்க ஆள் இருக்கும். பெட்டியோடு போகாவிட்டாலோ, அப்பனுக்குப் பெட்டி கொண்டுவராதவள் என்ற பேச்சு அவள் பேரன் காலம்வரை நிற்கும்.

கொனாடு கணினியில் உள்ளே போய்ப் பார்த்தாள். செத்தவரின் மனைவி செசீலியா சொல்லச் சொல்லப் பதிந்த பிள்ளைகள் விவரம் அப்படியே இருந்தது. அசாபியாவின் பெயர் எல்லோருக்கும் முதலில் இருந்தது.

"உங்க பேர் உள்ள இருக்கு அக்கா. முதல் ஆளா இருக்கு."

"அப்ப ஏன் வெளிய வரல?"

"யாரோ வரவிடாமப் பண்ணியிருக்காங்க."

சொன்னதும் அவளுக்கே எல்லாம் விளங்கிவிட்டது மாதிரி இருந்தது. போன வாரம்தான் டொன்கோர் கடைக்கு வந்திருந்தான். செசீலியாவின் தம்பி, அவள் பிள்ளைகளுக்குத் தாய்மாமன். தோளில் ஒரு பெரிய வாழைக்குலை. வாசலில் டுவுமோவின் தோளில் கைபோட்டு ஏதோ குசுகுசுவென்று பேசினான். கொனாடு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தன் அக்கா பிள்ளை முன்னால் நடக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை இருக்காதா? அந்த நிரலில் அதே வாரம் கை வைத்தது யார்? டுவுமோ!

இதையெல்லாம் அவள் மனதுக்குள் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அவள் வாயைத் தைத்துப் போட வேண்டும்.

"நான் சொன்னேன்னு வேணாம்க்கா. டொன்கோர் ஒரு வாழைக்குலையோட இங்க வந்தாரு, எங்க ஆளோட ரகசியம் பேசினாரு. நெருப்பில்லாமப் புகையுமா?"

அசாபியா அங்கேயே நின்று தச்சருக்குப் போன் போட்டாள். "மாஸ்டர், பெட்டியை நிறுத்திடு. மெருகு போட்டாச்சுன்னா இருக்கட்டும். வேற யாருக்காவது குடு. என்னைப் பிள்ளை இல்லைன்ன வீட்டுக்கு என் பெட்டி போகாது." போனை அணைத்துவிட்டு, "அந்தம்மா எனக்கும் சேத்துக் கறுப்புத்துணி வெட்டிக் குடுத்தாளே, என்ன நடிப்பு! அதை அவ மூஞ்சில வீசிட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

டுவுமோ சோளமாவுக் கெங்கேயும் பொரித்த மீனுமாக உள்ளே வந்தான். கொனாடு அவனை உட்காரக்கூட விடவில்லை.

"வாழைக்குலை நல்லாப் பழுத்துச்சாண்ணே?"

"என்ன குலை?"

"டொன்கோர் குடுத்த குலை. ஒரு பொண்ணோட அப்பனை அவகிட்டேர்ந்து பறிக்கிறதுக்கு ஒரு குலைதான் விலையா?"

நடந்ததைக் கேட்டதும் டுவுமோவின் சிரிப்பு அணைந்தது. "ஆமா, வந்தான். அந்தப் பொண்ணு பேரை எடுக்கச் சொல்லிக் கேட்டான்."

"பாத்தியா!"

"முழுசாக் கேளுடி! பேரைக் குடுத்தது அவன் அக்கா. அவங்க வாயால வந்து சொன்னாத்தான் எடுப்பேன்னேன். மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டுப் போயிட்டான். குலையை மட்டும் விட்டுட்டான். அதை நம்ம முதலாளியம்மா அன்னிக்கே கார்ல போட்டு எடுத்துட்டுப் போயிட்டாங்க. சந்தேகம்னா அவங்களைப் பிடி."

"நீ சொல்றதை நான் நம்பணுமாக்கும்."

"நம்பாதே." அவன் தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். "உக்காரு. நான் எதையும் தொடமாட்டேன். எந்த இடத்துல எடுத்தேன்னு நீயே கண்டுபிடி. கண்டுபிடிச்சா இந்தக் கையை வெட்டிக்கோ."

கொனாடு உட்கார்ந்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிடுகிறேன் என்ற வேகம். போன வாரம் அவன் மாற்றியதைத் தோண்டினாள். பக்கத்தின் வேகத்துக்காக, பிள்ளைகளின் சட்டியை முதலில் திறந்துவிட்டு ஒவ்வொரு பிள்ளையாக அதில் போடுகிற மாதிரி எழுதியிருந்தான். அதில் திருட்டு எதுவும் தெரியவில்லை. அதனாலேயே அவளுக்குச் சந்தேகம் கூடியது. இவ்வளவு சுத்தமாக ஒருவன் ஏன் எழுத வேண்டும்?

ஒவ்வொரு அடியிலும் பிள்ளைகளின் சட்டியில் என்ன இருக்கிறது என்று தனியாக எழுதிக் காட்டும்படி செய்து ஓடவிட்டாள். முதல் பிள்ளை: சட்டியில் அசாபியா இருந்தாள். சுத்தமாக, கொட்டை எழுத்தில். அடுத்தது ஹாம்பர்க் தம்பி. வெளிநாட்டுப் பிள்ளை என்பதால் நிரல் கொனாடுவின் பகுதிக்குள் நுழைந்தது. நுழையும் முன்பு அசாபியா இருந்தாள். முதல் வரி ஓடியதும் சட்டி காலி. அப்புறம் தம்பி வந்து விழுந்தான், இளையவர்கள் வந்து விழுந்தார்கள், சட்டி ஒழுங்காகக் கவிழ்ந்தது, ஒழுங்காக மூடியது. எங்கேயும் ஒரு பிழைச்செய்தி இல்லை.

கொனாடு மறுபடி ஓடவிட்டாள். அதே இடம். அவன்தான் அவளுடைய பகுதிக்குள் புகுந்து அந்த வரியைச் சொருகியிருக்க வேண்டும் என்று நினைத்து, அதை எழுதியது யார் என்று தேடினாள். அவள் பெயர்தான் வந்தது. வரிக்கு மேலே அவள் கையால் எழுதிய குறிப்பும் இருந்தது: 'முன்னால் வந்தவர்கள் என்னத்தை விட்டுவிட்டுப் போனார்களோ, யார் கண்டது.'

அவள் அந்தக் குறிப்பை இன்னொரு தடவை படித்தாள். காது இரண்டும் எரிந்தது.

டுவுமோ எட்டிப் பார்த்தான். "எலி ஏதும் கெடச்சுதா?" என்று கேட்டான். அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டான். "என் மேலயும் தப்பு இருக்கு. உன் பகுதியை உள்ள வச்சுக் கூப்பிட்டேன், அதுல என்ன இருக்குன்னு ஒரு தடவை படிச்சிருக்கணும். சரி, அந்த வரியை எடு, பக்கத்தைத் திரும்ப ஏத்து. அது ஒரு நிமிஷ வேலை. அந்தப் பொண்ணு காதுல போட்டியே, அதை எப்படி எடுப்பே?"

அவள் வரியை எடுத்தாள். பக்கத்தை ஏற்றினாள். அசாபியா முதல் ஆளாக வந்து நின்றாள். டுவுமோவிடம் மன்னிப்புக் கேட்கக்கூட நிற்காமல் கொனாடு பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அடாயின் வீட்டு முற்றத்தில் சிவப்பும் கறுப்புமாகத் துக்கத்துணியில் ஜனம். வாடகை நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். செசீலியா சுவரோரப் பாயில் உட்கார்ந்திருந்தாள். வீசி எறிந்த கறுப்புத்துணி அவளுக்கு முன்னால் கிடந்தது. அவள் அதை எடுக்கவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. அசாபியா வாசல் பக்கம் இறுகிப்போய் நின்றிருந்தாள். கத்தி ஓய்ந்த முகம்.

டொன்கோர் மட்டும் சுறுசுறுப்பாக இருந்தான். "விடுங்க, விடுங்க. அவளே வேணாம்னுட்டா. பெட்டியை நாங்க பாத்துக்கறோம். என் மருமகன் நாளைக்கு ஹாம்பர்க்லேர்ந்து எறங்கிடுவான்."

கொனாடு எல்லோருக்கும் முன்னால் போய் நின்றாள். "யாரும் பேரை எடுக்கல. நான் எழுதின ஒரு வரிதான் அதைக் கொட்டிடுச்சு. தப்பு என்னோடது. டுவுமோவும் ஒண்ணும் பண்ணல, அம்மாவும் ஒண்ணும் பண்ணல. பக்கம் இப்பச் சரியாயிடுச்சு, பாருங்க அக்கா."

அசாபியா போனை வாங்கிப் பார்க்கவே இல்லை. கொனாடுவை மேலும் கீழும் பார்த்தாள். "காலையில வேற சொன்னே. இப்ப இப்படிச் சொல்றே. டொன்கோர் உனக்கு எத்தனை குலை குடுத்தான்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.  அசாபியாவின் இடத்தில் தான் இருந்தால் கேட்டிருப்பது இதே கேள்விதான் என்று கொனாடுவுக்குத் தெரிந்தது.

"நானா? இவகிட்ட இதுக்கு முன்னாடி பேசக்கூட இல்ல!" என்று டொன்கோர் குதித்தான். "ஏம்மா, உனக்கு யாரு சொல்லி அனுப்புனது? வந்த வழியைப் பாத்துப் போ."

"என்னை நம்ப வேணாம்க்கா" என்றாள் கொனாடு. "நம்பச் சொல்லி நான் வரல. அம்மா அதோ உக்காந்திருக்காங்க. ஒரு வார்த்தை கேளுங்க."

"கேட்டா மட்டும் உண்மையைச் சொல்லவா போறா?"

கொனாடுவுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. முற்றமும் நாற்காலிகளும் கண்ணில் கலங்கின.

"இதே வார்த்தைதான் அக்கா நானும் சொன்னேன். எங்க அப்பா போஸ்டர்ல என் பேர் இல்ல. அத்தைதான் எடுத்தாங்கன்னு முடிவு பண்ணேன். கேக்கவே இல்ல. அவரைப் புதைக்கிறப்ப நான் விடுதியில கதவைச் சாத்திட்டு உக்காந்திருந்தேன். போன வருஷம் அத்தையும் செத்துட்டாங்க. இனிமே நான் யாரைக் கேப்பேன்? உங்களுக்கு ஆள் இருக்கு. அஞ்சடி தூரத்துல இருக்கு. கேளுங்க."

  அசாபியா பாயின் பக்கம் திரும்பினாள்.

"மா. என் பேரை எடுக்கச் சொன்னியா?"

செசீலியா தலையை நிமிர்த்தினாள். அழுது அழுது குரலே போயிருந்தது. "உன் பேரைத்தான்டி முதல்ல சொன்னேன். என் விரல்ல மோதிரம் போடறதுக்கு முன்னாடியே அந்த மனுஷன் உன்னைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சாரு. எனக்குத் தெரியாதா? உனக்குத் துணி வெட்டிக் குடுத்தது யாரு? அதை மூஞ்சில வீசினியே, வீசறதுக்கு முன்னாடி இதைக் கேட்டிருக்கக்கூடாதா?" தம்பியைப் பார்த்தாள். "நீ எதுக்குடா அந்தக் கடைக்குப் போனே? அப்புறம் வச்சிக்கறேன் உன்னை."

டொன்கோர் நாற்காலி எண்ணப் போகிறவன் மாதிரி நழுவினான்.

செசீலியா துணியை எடுத்து நீட்டினாள். "கட்டு. பெட்டி எங்கடி?"

அசாபியா தச்சருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்ததும், "மாஸ்டர், யாருக்கும் குடுத்துடலையே?" என்றாள். பதிலைக் கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, செசீலியாவின் மடியில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதாள். பெட்டி இருக்கிறதாம். கோபத்தில் போன் பண்ணுகிற பிள்ளைகள் சாயங்காலத்துக்குள் திரும்பப் பண்ணுவார்கள் என்று தச்சருக்குத் தெரியுமாம்.

யாரும் கொனாடுவைக் கவனிக்கவில்லை. அவள் வெளியே வந்து ரோட்டோரத்தில் நின்றாள். ட்ரோட்ரோக்கள் பன்டாமா, பன்டாமா என்று கூவிக்கொண்டு போயின. ஒன்றிலும் ஏறாமல் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, அப்பா அடக்கத்துக்கு நான் வரலையே. அத்தை என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

அந்தப் பக்கம் அம்மா அடுப்பைத் தணித்தாள். 

"உன்னைக் கூட்டிட்டு வர பஸ் நிலையத்துக்கு ஆள் அனுப்பியிருந்தாங்கடி" என்றாள் அம்மா. "நீ வருவே வருவேன்னு இருட்டுற வரைக்கும் அவன் நின்னுட்டு வந்தான். நீ வந்து முகம் பாக்கணும்னு அத்தை அதுவரைக்கும் பெட்டியை மூடாம வச்சிருந்தாங்க."

"ஏம்மா என்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ நம்பியிருப்பியா?"